மெதுவாகப் போனால் ஆடும்

பொங்கல் விளையாட்டுப் போட்டி நடக்காத ஊர் நம் பக்கம் குறைவு. சாக்கு ஓட்டம், உறியடி, கயிறு இழுப்பது எல்லாம் முடிந்து வெயில் சாயும் நேரத்தில் ஸ்லோ சைக்கிள் போட்டி வரும். திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளுக்கு ஒரு பாதை பிரித்துவிடுவார்கள். விசில் ஊதியதும் கிளம்ப வேண்டும், ஆனால் முந்தக் கூடாது. கடைசியாக வந்து சேருபவருக்குத்தான் பரிசு. காலை ஊன்றினால் அவுட், பக்கத்துக் கோட்டுக்குள் போனாலும் அவுட். முதல் பத்தடிக்குள் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள். தினமும் இருபது கிலோமீட்டர் மிதிக்கிற பால்காரர்கூட ஹேண்டில்பாரை இடமும் வலமும் வெட்டி வெட்டிப் பார்த்துவிட்டு, கூட்டம் சிரிக்க, இறங்கி நிற்பார்.

நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதையும், அதே நடைபாதையில் அம்மாவின் கைவிரலைப் பிடித்து நடக்கிற சின்னப் பிள்ளையையும் பற்றிப் பேச வந்துவிட்டு, பொங்கல் திடலில் நிற்கக் காரணம் இருக்கிறது. ‘நடைபாதையில் ஏறினால் என்ன, மெதுவாகப் போனால் போதுமே’ என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த யோசனை இந்தத் திடலில்தான் கவிழ்கிறது.

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது? சக்கரம் பம்பரம்போலச் சுழல்வதால் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அது பாதிக் கதை. அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பம்பர விளைவை எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களால் ரத்து செய்த ஒரு வினோத வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். ஆளே இல்லாமல் அது விழாமல் ஓடியது. 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வந்தது.

சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்துவீர்கள். சைக்கிளிலும் அதேதான். இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சக்கரங்கள் ஓடிப் போய் உடம்பின் எடைக்குக் கீழே மறுபடி நிற்கும். இந்தத் திருப்பத்தின் பலன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஹேண்டில்பாரை ஒரு நெல்லளவு அசைத்தால் ஆகிற காரியத்துக்கு, 4 கி.மீ. வேகத்தில் பதினாறு நெல்லளவு அசைக்க வேண்டும். அதனால்தான் மெதுவாகப் போகிறவர் வெட்டி வெட்டி ஓட்டுகிறார். அது அவருடைய திறமைக்குறைவு இல்லை, கணக்கு அப்படி.

2007இல் சைக்கிளின் இயக்கச் சமன்பாடுகளை முழுமையாக எழுதிச் சரிபார்த்த ஒரு கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அதில் எடுத்துக்கொண்ட மாதிரி சைக்கிள், ஓட்டுபவர் கைவைக்காமல் மரம்போல உட்கார்ந்திருந்தாலும் தானாகவே நிமிர்ந்து ஓடும் வேகம் நொடிக்கு 4.3 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை. நம் கணக்கில் மணிக்குச் சுமார் 15 முதல் 22 கி.மீ. வண்டிக்கு வண்டி எண்கள் மாறும். ஆனாலும் சைக்கிளுக்கு உகந்த வேகம் எது என்பது தெரிந்துவிடுகிறது. மனித நடை மணிக்கு 5 கி.மீ. நாலு வயதுப் பிள்ளையின் நடை அதைவிடக் குறைவு. அதுவும் நேர்கோட்டில் போகாது, கூழாங்கல்லுக்கு நிற்கும், நாய்க்குட்டிக்குத் திரும்பும்.

இப்போது புதுக்கோட்டைக்கு வருவோம். சைக்கிளைப் பற்றிப் பேச இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான மாவட்டம் இல்லை.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் பாடம் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகப் போக வேண்டும். பேருந்து எப்போது வரும் என்று தெரியாது. அண்ணன், புருஷன் கொண்டுபோய்விடக் காத்திருந்தால் இயக்கம் நடக்காது. ஊர்ப் பொட்டல்களிலும் பள்ளி மைதானங்களிலும் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று யாரும் விடுபடவில்லை. கேலி செய்தவர்கள் இருந்தார்கள், பிறகு ஓய்ந்தார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் அதிகமான பெண்கள் மணி அடித்தபடி புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள்.

சாய்நாத் குறித்துவைத்த ஒரு சின்ன விஷயம் நமக்கு இங்கே முக்கியம். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு அதைத்தான் விரும்பினார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகிற அந்தக் குறுக்குக் கம்பி. அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். பின் கேரியரில் உட்காரும் பிள்ளையின் குதிகால் ஆரக்கம்பிக்குள் போய்விடும். நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் பழகிப்போன காயம் அது. பாரில் உட்கார்ந்த பிள்ளையோ அம்மாவின் இரண்டு கைகளுக்கு நடுவே கண்முன்னால் இருக்கும். பொறியாளர் யாரும் சொல்லாமலே அந்தப் பெண்கள் எடுத்த முடிவு.

ஒரு பிள்ளை பாரில். அடுத்த பிள்ளை? அது நடக்கிறது. எங்கே நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

புதுக்கோட்டை நகரம் ஒழுங்காகக் கோடு போட்டுக் கட்டப்பட்ட ஊர். நான்கு ராஜ வீதிகள், செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் எண் போட்ட வீதிகள். சமஸ்தானக் காலத்து வீதி அமைப்பு மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் நடப்பவருக்கும் போதிய இடம் வைத்தது. அந்த வீதிகளில் இன்று மோட்டார் பைக்குகள் இரண்டு ஓரமும் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்கப்பால் கடைப்படி, சாக்கடை மேல் போட்ட சிலாப், கடையிலிருந்து வெளியே வந்துவிட்ட பிளாஸ்டிக் குடங்கள், விளம்பரத் தட்டி. இதில் நடைபாதை எது என்று கேட்டால், சிலாப்பைத்தான் காட்ட வேண்டும். கிராமத்துச் சாலைகளில் அதுவும் இல்லை. தார் முடிகிற இடத்தில் முழங்கை நீளத்துக்கு மண் ஓரம், அப்புறம் கருவேலம். அந்த மண் ஓரம்தான் நடப்பவரின் பாதை, லாரி ஹாரன் அடித்ததும் சைக்கிளும் இறங்குகிற பாதை. லண்டன்காரர்கள் சண்டை போடுகிற ‘நடைபாதையில் சைக்கிள்’ பிரச்சினை நம் ஊரில் இந்த முழங்கை அகலத்துக்குள் நடக்கிறது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டுதல் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. அப்படி ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பிள்ளையைக் கையில் பிடித்து நடக்கும் ஒரு தாய்க்கு ஒரு மீட்டர் போய்விடும். மீதம் 80 செ.மீ. சைக்கிளின் ஹேண்டில்பார் அகலமே சுமார் 60 செ.மீ. நிதானமான வேகத்தில் நேராகப் போனால் மயிரிழையில் நுழையலாம். ஆனால் அந்த வேகம் பிள்ளைக்கு ஆபத்து. வேகத்தைக் குறைத்தால் சைக்கிள் ஆடத் தொடங்கும், 80 செ.மீ. போதாது. அதாவது வேகமாகப் போனால் தப்பு, மெதுவாகப் போனால் இடம் இல்லை. ஸ்லோ சைக்கிள் போட்டியில் பக்கத்துக் கோட்டுக்குள் போனவர் அவுட்டானார். இங்கே பக்கத்துக் கோட்டில் பிள்ளை இருக்கிறது.

மோதினால் என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும், ஏனென்றால் சைக்கிள் எதிர்ப்பாளர்களும் ஆதரவாளர்களும் இந்த இடத்தில் ஆளுக்கொரு பக்கம் மிகைப்படுத்துகிறார்கள்.

பிள்ளையின் எடை 15 கிலோ என்று கொள்வோம். சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ. மோதியதும் இரண்டும் ஒன்றாக நகர்வதாக எடுத்துக்கொண்டால், உந்த அழியாமை விதியை வைத்துப் பிள்ளை எந்த வேகத்துக்குத் தள்ளப்படும் என்று கணக்கிடலாம். அந்த வேகத்தை, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அதே வேகம் வரும் என்று மாற்றிச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். 8 கி.மீ. வேகத்தில் மோதினால் சுமார் 18 செ.மீ. உயரம், மாடிப்படியில் ஒரு படி. 15 கி.மீ. என்றால் 60 செ.மீ.க்குச் சற்று மேல், திண்ணையிலிருந்து விழுவது. 25 கி.மீ. என்றால் ஒன்றே முக்கால் மீட்டர், ஆளுயரம். இனி சைக்கிளை விட்டு, ஆளோடு 180 கிலோ வரும் மோட்டார் பைக்கை 40 கி.மீ. வேகத்தில் வைத்துப் பாருங்கள்: ஐந்து மீட்டருக்கு மேல், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்டிய உயரம்.

இது தோராயக் கணக்கு. உண்மையான மோதலில் எங்கே இடிக்கிறது என்பதுதான் காயத்தைத் தீர்மானிக்கும். பழைய கறுப்பு சைக்கிளின் ஹேண்டில்பார் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையின் உயரமும் ஏறக்குறைய ஒரு மீட்டர். பெரியவருக்கு இடுப்பில் இடிக்கிற கம்பி பிள்ளைக்கு நெற்றியில் இடிக்கும். போதாக்குறைக்குச் சின்னப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம். தடுமாறினால் தலைதான் முதலில் தரையைத் தேடும். திண்ணை உயரம்தானே என்று அலட்சியமாகச் சொல்ல முடியாதது இதனால்தான்.

ஆக, பொங்கல் திடலில் சொன்ன கணக்குக்கு மறுபாதி இது. நிமிர்ந்து ஓட வேகம் வேண்டும் என்கிறது சைக்கிள். அந்த வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பிள்ளை விழும் உயரம் கூடுகிறது.

பிள்ளை விலகிக்கொள்ளாதா? மணி அடித்தால் ஒதுங்காதா? இங்கேதான் நாம் ஒரு பழைய தப்பைச் செய்கிறோம். பிள்ளையைக் குட்டிப் பெரியவர் என்று நினைக்கிறோம். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960களிலேயே இதை எதிர்த்து ஆராய்ந்து எழுதியவர். சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் போக்குவரத்துக்கு அவர்களைத் தயார் செய்துவிட முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு.

நம்மை நோக்கி ஒரு பொருள் வரும்போது அதன் உருவம் விழித்திரையில் விரிந்துகொண்டே வருகிறது. எவ்வளவு விரைவாக விரிகிறது என்பதை வைத்துத்தான் மூளை ஆபத்தை உணர்கிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் குழுவினர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்குச் சுமார் 32 கி.மீ.க்கு மேல் வரும் வாகனம் நெருங்கி வருவதையே பிள்ளைகளால் நம்பகமாக உணர முடியவில்லை என்று கண்டார்கள். விரிவின் வேகம் வாகனத்தின் அகலத்தையும் பொறுத்தது. பத்து மீட்டர் தூரத்தில் 40 கி.மீ. வேகத்தில் வரும் டவுன் பஸ் விரிவதில் பத்தில் ஒரு பங்குகூட, 15 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் விரியாது. சைக்கிள் ஒல்லி, சத்தமும் இல்லை. பிள்ளையின் கணக்கில் அது வரவே இல்லை. திடீரென்று அங்கே இருக்கிறது.

மணிச் சத்தம் கேட்டால் பெரியவர்களே என்ன செய்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புகிறோம். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கால் அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கும். ஒதுங்க வேண்டியவர் குறுக்கே வருவார். பிள்ளை இதை இரட்டிப்பாகச் செய்யும், தாமதமாகவும் செய்யும். ஐந்து வயதில் எதிர்வினை ஆற்ற எடுக்கும் நேரம் பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஓட்டுபவர் பக்கம் பார்ப்போம். 15 கி.மீ. வேகத்தில், பார்த்து உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி என்றால் அதற்குள் 4 மீட்டர் ஓடிவிடும். பிரேக் கட்டை தேயாமல் இருந்தால் நிற்க இன்னும் 3 மீட்டர். மொத்தம் 7. நம் வீதிகளில் வாசல்படி நேரே சிலாப்பில் இறங்குகிறது. உள்ளிருந்து ஓடிவரும் பிள்ளை ஓட்டுபவர் கண்ணில் படும் தூரம் ஒரு மீட்டரோ இரண்டோ. நிறுத்தி வைத்த பைக் வரிசைக்குப் பின்னால் நின்றால் அதுவும் இல்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மாலையில் கீழ ராஜ வீதி போன்ற ஒரு கடைத்தெருவில் ஓரமாக நின்று, பைக் வரிசைக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்காருங்கள். உங்கள் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே வரும். தெரு காணாமல் போய்விடும். சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், யாரோ ஒருவரின் கட்டைப்பை, அவ்வளவுதான் தெரியும். யாராவது ‘என்ன தேடுறீங்க’ என்று கேட்பார்கள். சாவி என்று சொல்லிவிடுங்கள்.

உலகம் இந்தச் சிக்கலைப் பலவிதமாகத் தீர்க்கப் பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே நடைபாதையில் வண்டி ஓட்டத் தடை விதித்தது. மிதிக்கும் சைக்கிள் வரும் முன்பே எழுதிய சட்டம், பிறகு சைக்கிளையும் பிடித்துக்கொண்டது. ஜெர்மனியில் நேர் எதிர்: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நடைபாதையில்தான் சைக்கிள் ஓட்ட வேண்டும், சாலைக்கு வரக் கூடாது, தனிச் சைக்கிள் தடம் கட்டியிருந்தால் அதில் போகலாம். நம் தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம், மணிக்கு 10 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மின்சார ஸ்கூட்டர்களை 2019 நவம்பரில் நடைபாதையிலிருந்து ஒரேயடியாக விலக்கிவிட்டார்கள். 10 என்ற எண்ணைக் கவனியுங்கள். மோதலின் கணக்குப்படி நல்ல எண். சமநிலையின் கணக்குப்படி சைக்கிள் ஆடுகிற எண். அகலமான நடைபாதை இருக்கும் ஊருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

இன்னொரு உண்மை, ஓட்டுபவர்களுக்கு. நடைபாதை தமக்குப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலரும் ஏறுகிறார்கள். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், சாலையில் ஓட்டியவர்களைவிட நடைபாதையில் ஓட்டியவர்களுக்குச் சந்திப்புகளில் விபத்து அபாயம் 1.8 மடங்கு இருந்தது. சந்தில் திரும்பும் கார்க்காரர் நடைபாதையில் நடைவேகத்தைத்தான் எதிர்பார்க்கிறார், சைக்கிள் வேகத்தை இல்லை.

அப்படியானால் சைக்கிள்காரர்தான் குற்றவாளியா? என் பதில், இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்துபோனவர்கள் மட்டும் 32,825 பேர். இந்தத் துயரத்தின் பெரும்பங்கை எழுதுவது மோட்டார் வாகனங்கள். சைக்கிளை மண் ஓரத்துக்குத் தள்ளியதும் அவைதான். மாடியிலிருந்து விழ வைக்கும் வண்டிக்கு நடுச்சாலையைக் கொடுத்துவிட்டு, திண்ணையிலிருந்து விழ வைக்கும் வண்டியையும் பிள்ளையையும் ஒரு முழ மண்ணுக்காக அடித்துக்கொள்ள விட்டிருக்கிறோம். ஆனால் இந்த நியாயம் நெற்றியில் கம்பி பட்ட பிள்ளைக்கு ஆறுதல் ஆகாது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. பலகை மாற்றியாயிற்று. ராஜ வீதிகளில் அகலம் இருக்கிறது. பைக் வரிசையை ஒரு பக்கத்தோடு நிறுத்தினாலே மறுபக்கம் 1.8 மீட்டர் கிடைக்கும். பள்ளிக்கூடங்களுக்கு அருகில் மட்டுமாவது மாநகராட்சி இதைச் செய்து பார்க்கட்டும். பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கொடுக்கும்போது, பிரேக் பிடித்து எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று மைதானத்தில் ஒரு மணி நேரம் அளந்து பார்க்கச் சொல்லலாம். அறிவொளிக் காலத்துப் பொட்டல்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன.

அதுவரை, சைக்கிளில் போகிறவர்களுக்கு: சிலாப் மேலோ மண் ஓரத்திலோ ஏழு மீட்டருக்குள் சின்னப் பிள்ளை தெரிந்தால் இறங்கி உருட்டுங்கள். இது போட்டி இல்லை, காலை ஊன்றலாம்.

பிள்ளையோடு நடக்கிறவர்களுக்கு: நீங்கள் சாலைப் பக்கம், பிள்ளை சுவர்ப் பக்கம். விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள், பிள்ளை விட்டுவிடும். மணிக்கட்டை நீங்கள் பிடியுங்கள். சைக்கிள் வருகிறதே என்று பதறிச் சுண்டி மட்டும் இழுக்காதீர்கள். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு எளிதில் நழுவிவிடும்.